பாடாத பெட்டி

ஒரு காலத்தில் செல்வர் இல்லங்களில் மட்டும் இருந்து, பின்னர் நடுத்தரக் குடும்பங்களிலும் இடம்பெற்ற பொருள்களுள் கிராமபோன் பெட்டி ஒன்று. மாலையில் வீட்டுப் பெரியவர் அதற்குச் சாவி கொடுப்பார். அண்டை அயலார் திண்ணையில் வந்து கூடுவர். வானொலி வந்தது, ஒலிநாடா வந்தது, பின்னும் பல வந்தன. பெட்டி பரணேறியது. இன்று அதற்கு இரு கதிகளே பெரும்பாலும் வாய்க்கின்றன. பழைய இரும்பு வாங்குவோனிடம் எடைக்குப் போதல் ஒன்று. மெருகிட்டு வரவேற்பறையில் பூச்சாடிக்கு அருகே நிறுத்தப்படுதல் மற்றொன்று. முன்னதைப் பலரும் குறை கூறுவர். பின்னதும் குறையுடையதே என்பது என் கருத்து. பாடுவதற்கென்று செய்த பெட்டி பாடவேண்டும்.

எடிசன் 1877ஆம் ஆண்டில் உருளையொன்றின்மேல் சுற்றிய ஈயத்தாளில் மனிதக் குரலைப் பதித்தார். தட்டையான வட்டில் ஒலியைப் பதிக்கும் முறையை வகுத்த பெர்லினர் என்பார் தம் கிராமபோனுக்கு 1887இல் உரிமம் பெற்றார். டாக்டர் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சிட்டு வெளியிட்டதும் அதே 1887தான். அழியும் நிலையில் இருந்த சொல்லை ஏட்டிலிருந்து மீட்ட பணியும், காற்றில் கரையும் குரலைத் தட்டில் நிறுத்திய பணியும் ஓராண்டில் நிகழ்ந்தன என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு உண்டாகும். 1902ஆம் ஆண்டு கெய்ஸ்பர்க் என்ற ஒலிப்பதிவாளர் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் முதலியோர் பாடல்களைப் பதிவு செய்தார். அத்தட்டுகளின் மூலப்பொருளும் நம் காடுகளில் விளைவதே. மரக்கிளைகளில் ஒரு சிறு பூச்சி உண்டாக்கும் அரக்கே அது.

இசையிலும் நாடகத்திலும் புகழ்பெற்ற எஸ். ஜி. கிட்டப்பா 1933இல் இளம் வயதிலேயே மறைந்தார். அவர் குரலை இன்று நாம் அறிவது இசைத்தட்டுகளாலேயே. இத்தகைய தட்டொன்று ஒரு வீட்டில் இருக்க, அதைப் பாடுவிக்கும் பெட்டி பூச்சாடிக்குத் துணையாக நிற்பது முறையாகுமா?

பெட்டியின் பழுது பெரும்பாலும் மூன்று இடங்களில் நேர்கிறது. முதலாவது சுருள்வில். உருளைக்குள் இடப்பட்ட மசகு ஆண்டுக்கணக்கில் இறுகிப் பிசின்போல் ஆகிவிடும். வில் விரியும்போது 'திடும் திடும்' என்று அதிரும். அதைக் கழுவிப் புது மசகு இட்டால் போதும். வில் முனையில் முறிந்திருந்தால், அம்முனையைச் சூடேற்றிப் புதுத் துளையிட்டுப் பொருத்தலாம். ஆனால், மாணவர்களே, உருளையை நீங்கள் திறத்தல் ஆகாது. அடைபட்ட வில் வெளியே பாய்ந்தால் கையை அறுத்துவிடும். அது பயின்றவர் செய்யவேண்டிய வேலை. இரண்டாவது, வேகத்தைக் காக்கும் உறுப்பு. சுழலும் தண்டில் மெல்லிய தகடுகளால் மூன்று குண்டுகள் பிணிக்கப்பட்டிருக்கும். வேகம் மிகுந்தால் அவை வெளியே விரியும், அவற்றோடு இணைந்த வட்டு நகர்ந்து ஒரு சிறு தோல்துண்டில் உராயும், வேகம் அடங்கும். தோல் காய்ந்துபோனால் பாடகர் குரல் நடுங்கும். மூன்றாவது ஒலிப்பெட்டி. ஊசியின் அசைவைக் காற்றில் ஒலியாக்குவது அதனுள் இருக்கும் காக்காப்பொன் தகடோ அலுமினியத் தகடோ ஆகும். தகடு நன்றாகவே இருக்கும். அதைத் தாங்கும் ரப்பர் வளையமே கல்லாகியிருக்கும். அதை மாற்றியவுடன் கரகரப்பு நீங்கித் தெளிவு பிறக்கும். இவற்றில் எதற்கும் மின்சாரம் வேண்டா.

பழுது பார்ப்பது என்றால் புதிதாக்குவது என்று பொருள் அன்று. வீட்டுப் பெட்டியின் பழைய உறுப்புகளைக் கழற்றி எறிந்துவிட்டுப் பளபளக்கும் புதுக் குழலைப் பொருத்தித் தருவார் உளர். புதிதாகச் செய்த பெட்டியையே பழையது என்று விற்பாரும் உளர். தேய்ந்த மரத்தையும் மங்கிய பித்தளையையும் இருந்தபடியே விட்டு, ஓடாததை மட்டும் ஓடச்செய்பவரே நல்ல தொழிலாளர். கழற்றிய உறுப்பைத் திருப்பித் தருமாறும் அவரிடம் கேட்கவேண்டும்.

இங்கே ஒரு தடை எழும். பாடப்பாடத் தட்டு தேயுமே, ஆகையால் அதைப் பாடாமல் வைப்பதே அதற்குப் பாதுகாப்பு என்பர் சிலர். இது புறக்கணிக்கத்தக்க தடை அன்று. பழைய ஒலிப்பெட்டி நூறு கிராமுக்கு மேற்பட்ட எடையுடன் ஊசியை அழுத்துகிறது. தட்டில் கலந்துள்ள கற்பொடி அந்த எஃகு ஊசியைத் தேய்க்கும். தேய்ந்த ஊசி அடுத்த தட்டின் வரியை அறுக்கும். எனவே ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி என்பது மீறக்கூடாத விதி. ஊசி மலிவு; தட்டு கிடைப்பதற்கு அரிது. தட்டைச் சாராயச் சத்தால் துடைத்தலும் கேடு. அரக்கு அதில் கரைந்துவிடும். பிற்காலத்து நெகிழித் தட்டுகளை இப்பெட்டியில் இட்டால் ஒரே முறையில் அவை பாழாகும்.

ஏட்டுச்சுவடி கண்டவர் என்ன செய்தனர்? ஒடியும் ஏட்டைப் புரட்டிப் புரட்டிப் படித்துக்கொண்டிருக்கவில்லை. முதலில் படி எடுத்தனர். தட்டுக்கும் அதுவே நெறி. அரிய தட்டுகளைச் சில கிராமே அழுத்தும் இக்காலக் கருவியில் ஒருமுறை ஓடவிட்டுப் படி எடுத்தபின் உறையிலிட்டு நிமிர்த்தி வைக்கலாம். எங்கும் கிடைக்கும் தட்டுகளைப் பெட்டி பாடட்டும். "படிதான் இருக்கிறதே, பெட்டி எதற்கு?" என்று கேட்பவர் ஒருமுறை அதன் எதிரில் அமர்ந்து, கையால் முறுக்கிய வில்லின் வலிமை ஒன்றே குரலாய் வெளிவருவதைக் கேட்கட்டும்.

பழுது நீங்கிப் பெட்டி வீட்டுக்கு வந்தபின் மாணவர்கள் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. தட்டின் விளிம்புக்கு அடியில் ஒரு காகிதத் துண்டைச் செருகி, ஊசியைத் தட்டின்மேல் வைத்துப் பாடவிட்டு, ஒரு நிமிடத்தில் அத்துண்டு எத்தனை முறை சுற்றி வருகிறது என்று எண்ணவேண்டும். 78 என்பது பொதுக் கணக்கு. குறைந்தாலும் மிகுந்தாலும் பக்கத்தில் உள்ள சிறு நெம்புகோலை நகர்த்திச் சரிசெய்யலாம். ஆயினும் மிகப் பழைய தட்டுகள் எல்லாம் இக்கணக்கில் பதிவானவை அல்ல. 78இல் ஓட்டினால் சில குரல்கள் கீச்சிடும். அத்தகைய தட்டுக்கு நெம்புகோலைச் சிறிது சிறிதாகப் பின்னிழுத்து, குரல் இயல்பாக ஒலிக்கும் இடத்தை இசையறிந்த முதியவர் ஒருவரை உடனிருத்திக் கண்டு, அந்த எண்ணைத் தட்டின் உறைமேல் எழுதி வைக்கவேண்டும்.