முகத்துக்குப் பூசும் வெள்ளைக் களி

மஹய்யாவச் சகோதரி ஒருவர் கேட்கிறார்: "மகளுக்கு 15 வயது. முகமெல்லாம் எண்ணெய், பரு. பார்மசியில் வாங்கிய முகப்பூச்சில் 'கயோலின்' என்று எழுதியிருக்கிறது. அது என்ன? பூசலாமா?"

கயோலின் என்பது வெள்ளைக் களிமண், சகோதரி. சீனாவில் கௌலிங் என்ற ஊரில் தோண்டியெடுத்ததால் வந்த பெயர். நம் நாட்டிலும் பொரலஸ்கமுவையிலும் மீட்டியாகொடையிலும் இந்த மண் கிடைக்கிறது. நாம் தேநீர் குடிக்கும் பீங்கான் கோப்பைக்கும் இதுதான் மூலப்பொருள். மண்ணிலிருந்து வருவதால் கயோலினில் ஹராம் பற்றிய ஐயம் இல்லை. ஆனால் அதே டியூப்பில் உள்ள கிளிசரின் போன்றவை எதிலிருந்து எடுக்கப்பட்டவை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் களியின் துகள்கள் மிக நுண்ணிய தட்டுகள். தோலின் மேலுள்ள எண்ணெய் அவற்றில் ஒட்டிக்கொள்ளும்; கழுவும்போது களியோடு போய்விடும். அவ்வளவுதான் அதன் வேலை. எண்ணெய் சுரக்கும் சுரப்பி தோலுக்குள்ளே இருக்கிறது, களி அங்கே போகாது. அதனால் சில மணி நேரத்தில் முகம் மறுபடி பளபளக்கும். உடனே இன்னொரு தடவை பூசினால் தோல் வறண்டு எரியும். வாரத்தில் ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை போதும். பத்து நிமிடம் வைத்து, முற்றாகக் காய்ந்து வெடிக்க முன் கழுவிவிட வேண்டும். காய்ந்த களி தண்ணீரைத் தோலில் படவிடாது என்பதால், வுழூச் செய்ய முன் ஓரங்களையும் நன்றாகத் தேய்த்துக் கழுவச் சொல்லுங்கள். வறண்ட தோல், கரப்பான் உள்ளவர்களுக்கு இது வேண்டாம். சட்டி பானை செய்யும் மண்ணை அள்ளிப் பூசுவதும் வேண்டாம்; அது சுத்திகரித்ததல்ல.

நிறம் வெளுக்கும் என்று நினைத்து வாங்குகிறவர்களும் உண்டு. வெளுக்காது. பிள்ளையின் நிறத்தில் என்ன குறை கண்டோமோ தெரியவில்லை!

கயோலினையும் டல்கம் பவுடரையும் ஒன்றாக நினைக்காதீர்கள். டல்க் வேறு கனிமம். நிலத்தடியில் சில இடங்களில் அது கல்நாரோடு, அதாவது அஸ்பெஸ்டஸோடு, சேர்ந்து கிடக்கிறது. அந்தப் பயத்தால்தான் 2019இல் நம் நாடு, கல்நார் இல்லை என்ற சான்று வரும்வரை ஜோன்சன் அண்ட் ஜோன்சன் பேபி பவுடர் இறக்குமதியை நிறுத்திவைத்தது. தன் பவுடர் பாதுகாப்பானதே என்று சொன்ன அந்தக் கம்பனி, 2023இல் உலகெங்கும் டல்க்கை விட்டுச் சோளமாவுக்கு மாறியது. 2024இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம், டல்க் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று வகைப்படுத்தியது. எந்த மாவானாலும் கைக்குழந்தையின் மூக்கருகே தட்டாதீர்கள். மூச்சோடு உள்ளே போகும்.

மகளின் பரு வலியோடு கட்டியாக வந்து தழும்பு விடுகிறதென்றால் களியை நம்பிக் காலம் கடத்த வேண்டாம். கண்டி தேசிய வைத்தியசாலையின் தோல் நோய்ப் பிரிவு உங்களுக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது. போகும்போது அந்த முகப்பூச்சையும் கையோடு கொண்டுபோய் டொக்டரிடம் காட்டுங்கள்.