மன்னர் வழியில் ஒரு நடை

தில்லியின் வடபகுதியில், குரு தேக் பகதூர் நகர் மெட்ரோ நிலையத்தை விட்டு வெளியே வந்தால், ஆட்டோ ஓட்டுநர்கள் இன்றும் "கிங்ஸ்வே கேம்ப்" என்றே அந்த இடத்தை அழைக்கிறார்கள். தமிழில் சொல்வதானால் மன்னர் வழிப் பாசறை. மன்னர் போய் நூறாண்டுகளுக்கு மேலாயிற்று. பாசறையும் இல்லை. பெயர் மட்டும் மக்களின் நாவில் தங்கிவிட்டது. அங்கிருந்து நிரங்காரி காலனி வழியாக புராரி சாலையில் நடந்தால் முடிசூட்டுப் பூங்கா வருகிறது. டிசம்பர் மாதக் காலைப் பனியில் அவ்வழியே நடப்பது இப்பகுதியில் குடியிருக்கும் எனக்குப் பல ஆண்டுப் பழக்கம்.

பூங்காவின் நடுவே ஓர் உயர்ந்த கல்தூண். 1911 டிசம்பர் 12 அன்று ஐந்தாம் ஜார்ஜ் மன்னரும் அரசி மேரியும் அரியணையில் அமர்ந்த இடத்தை அது குறிக்கிறது. சற்றுத் தள்ளி மன்னரின் பளிங்குச் சிலை. ஒரு காலத்தில் இந்தியா கேட் அருகே கல்விதானத்தின் கீழ் நின்றிருந்த அச்சிலை, 1968இல் அங்கிருந்து அகற்றப்பட்டு இங்கே கொண்டுவரப்பட்டது. அருகில் சில வைசிராய்கள் நிற்கிறார்கள். சில பீடங்களில் சிலையே இல்லை. சிறுவர்கள் அவற்றின் மேல் புத்தகப்பையை வைத்துவிட்டு மட்டைப்பந்து ஆடுகிறார்கள். எனக்கு இக்காட்சி பிடிக்கும். ஆனால் இதைக் கண்டு மனநிறைவு கொண்டு வீடு திரும்பிவிடக்கூடாது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

ஒரு நகரம் அரச விழாவுக்கு எப்படி ஆயத்தமாகிறது என்பதை இந்த மைதானத்திலிருந்து படிக்கலாம். 1911இல் இங்கே துணியாலான ஒரு தனி நகரமே எழுப்பப்பட்டது. கூடாரங்கள், சாலைகள், மின்விளக்குகள், அஞ்சல் நிலையங்கள், ஆட்களையும் பொருள்களையும் ஏற்றிச்செல்ல ஒரு குறுகிய ரயில்பாதை ஆகிய யாவும் ஒரு சில நாள் காட்சிக்காக அமைந்தன. விழாவின் செலவு இந்திய வருவாயிலிருந்தே எடுக்கப்பட்டது. இங்கிலாந்தின் பழைய மணிமுடியை நாட்டைவிட்டு வெளியே கொண்டுசெல்ல மரபு இடம் தராததால், 60,000 பவுண்டு செலவில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட வைரங்கள் பதித்த புதிய முடியொன்று செய்யப்பட்டது. மன்னர் அதை அணிந்தது அந்த விழாவில் மட்டுமே. கனம் தாங்காமல் தலை வலித்ததாகத் தம் நாட்குறிப்பில் அவரே எழுதிவைத்தார். அந்த முடி இன்று லண்டன் கோபுரத்தில் காட்சிப்பொருளாக இருக்கிறது.

இவ்வளவு ஆயத்தமும் எதற்காக? 1857 பேரெழுச்சியில் ஆட்டங்கண்ட ஆங்கிலேய ஆட்சி, துப்பாக்கியால் மட்டும் இந்நாட்டை ஆள முடியாது என்பதைக் கற்றுக்கொண்டது. சுதேச மன்னர்களையும் நிலப்பிரபுக்களையும் தன் கூட்டாளிகளாக்கிக்கொண்டு, முகலாயர் விட்டுச்சென்ற இருக்கையில் தானே ஏறி அமர்ந்துகொண்டது. "தர்பார்" என்ற பாரசீகச் சொல்லையே தன் விழாவுக்குப் பெயராகச் சூட்டியது. யார் எங்கே அமர்வது, யார் எத்தனை முறை குனிவது என்பவற்றையெல்லாம் அதிகாரிகள் மாதக்கணக்கில் திட்டமிட்டனர். பரோடா மன்னர் மூன்றாம் சயாஜிராவ் முறைப்படி வணங்காமல் முதுகைக் காட்டித் திரும்பிவிட்டார் என்பது பேரரசு முழுவதும் பெரும் குற்றமாகப் பேசப்பட்டது. பின்னர் அவர் மன்னிப்புக் கோரிக் கடிதம் எழுத நேர்ந்தது. ஒரு வணக்கத்தின் அளவு குறைந்ததற்கே இவ்வளவு கலக்கம் என்றால், அந்த வணக்கத்தின் மேல்தான் ஆட்சியே நின்றிருந்தது என்று பொருள்.

இதே மைதானத்தின் முந்தைய விழா ஒன்று தமிழ் மக்கள் மறக்கக்கூடாதது. 1877 ஜனவரி முதல் நாள், விக்டோரியா அரசியை இந்தியாவின் பேரரசியாக வைசிராய் லிட்டன் இங்கே அறிவித்தார். அப்போது சென்னை மாகாணம் தாது வருடப் பஞ்சத்தில் வெந்துகொண்டிருந்தது. தென்னிந்தியாவில் தொடங்கிய அந்தப் பஞ்சம் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோரை விழுங்கியது. ஆயினும் தானிய வணிகத்தில் அரசு தலையிடக்கூடாது என்பதில் லிட்டன் உறுதியாக இருந்தார். விழா முடிந்த கையோடு ரிச்சர்ட் டெம்பிள் தெற்கே அனுப்பப்பட்டார். நிவாரணப் பணியில் மண் சுமந்தோருக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியம் போதும் என்று கூலியைக் குறைத்தவர் அவர்தான். அந்தப் பஞ்சக் கூலியில் சென்னையில் வெட்டப்பட்ட கால்வாய்ப் பகுதிக்கு அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் சூட்டப்பட்டது. வெட்டியவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. தில்லியின் விருந்தும் தெற்கின் பட்டினியும் ஒரே அரசின் ஒரே ஆண்டுக் கணக்கில் அடங்கியவை.

அரச விழாக்களை எதிர்த்தவர்கள் அனைவரும் ஒரே காரணத்துக்காக எதிர்க்கவில்லை என்பதையும் நாம் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் ஆட்சியர் ஆஷைச் சுட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்ட வாஞ்சிநாதனின் சட்டைப்பையில் ஒரு கடிதம் கிடைத்தது. ஐந்தாம் ஜார்ஜின் முடிசூட்டு விழாவே அக்கடிதத்தின் இலக்கு. உயிரைத் துச்சமாக எண்ணிய அந்த இளைஞனின் துணிவை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அந்த மன்னன் ஏன் ஆளக்கூடாது என்பதற்கு அக்கடிதம் சொல்லும் காரணம் அவனுடைய உணவும் பிறப்பும். அது உயர்த்திப் பிடிப்பது சனாதன தர்மத்தை. மகுடம் தகாத தலையில் ஏறுகிறது என்று சொல்பவர், தகுந்த தலை ஒன்று உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறார். நாமோ, எந்தத் தலைக்கும் மகுடம் வேண்டாம் என்கிறோம். இவ்விரண்டும் ஒரே எதிர்ப்பல்ல. இன்றைய அரசியலில் இந்த வேறுபாடு முன்னிலும் கூர்மையாகியிருக்கிறது.

மற்றோர் எதிர்ப்பு 1921 நவம்பர் 17 அன்று தொடங்கியது. வேல்ஸ் இளவரசர் பம்பாயில் இறங்கிய அன்று நாடெங்கும் கடையடைப்பு நடந்தது. 1922 ஜனவரியில் அவர் சென்னைக்கு வந்தபோது புறக்கணிப்பை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர், அடுத்த ஆண்டே கடற்கரையில் மே தினத்தைக் கொண்டாடிச் செங்கொடி ஏற்றிய சிங்காரவேலர். தோரணம் கட்டிய தெருக்களில் மக்கள் நின்று வரவேற்க மறுத்தனர். விழாவின் மூலப்பொருள் கூட்டம்தான். அதைத் தர மறுத்தால் யானையும் குதிரையும் பீரங்கி முழக்கமும் வெறும் ஓசையாகிவிடும். ஐந்தாம் ஜார்ஜே 1911இல் யானை மேல் வராமல் பரிவாரங்களின் நடுவே குதிரையில் வந்ததால், தெருவில் நின்ற மக்கள் அவரை அடையாளம் காணவில்லை. அலங்காரத்தை நீக்கிவிட்டால் மன்னன் ஒரு மனிதன் என்பது அன்றைக்குத் தற்செயலாகத் தெரிந்தது. அதைத் திட்டமிட்டுத் தெரியவைத்தது மக்கள் இயக்கம்.

1950இல் நாம் குடியரசானோம். குடிகள் ஆளும் அரசு என்னும் பொருளைத் தமிழ் தன் சொல்லிலேயே வைத்திருக்கிறது. கட்சி ஆவணங்களை மொழிபெயர்க்கும்போது ஒவ்வொரு முறையும் இச்சொல்லின் அழகை உணர்கிறேன். மன்னனின் கீழ் இருந்தபோது "குடிகள்" என்றால் ஆளப்படுவோர். குடியரசில் அதே குடிகள் ஆள்வோர். 1971இல் அரசியல் சட்டத்தின் 26ஆவது திருத்தம் முன்னாள் மன்னர்களின் மானியத்தையும் பட்டங்களையும் ஒழித்தது. சட்டத்தின் அளவில் கணக்கு முடிந்தது.

ஆனால் விழாவின் இலக்கணம் மாறவில்லை. 2010 காமன்வெல்த் விளையாட்டுகளின்போதும் 2023 செப்டம்பரில் நடந்த ஜி-20 மாநாட்டின்போதும் இந்நகரில் நடந்தவர்கள் அதைக் கண்கூடாகப் பார்த்தோம். முதலில் சுவர்கள் வண்ணம் பெறும். பிறகு பூந்தொட்டிகள் வரும். அதன்பின் நடைபாதை வியாபாரியிடம், "சில நாள்களுக்கு இப்பக்கம் வராதே" என்று காவலர் சொல்வார். கடைசியாகக் குடிசைகளின் முன்னே பச்சைத் துணி கட்டப்படும். ஜி-20க்குச் சில மாதங்கள் முன்பு, மாநாடு நடந்த பிரகதி மைதானத்தின் அருகிலிருந்த குடிசைகள் துணியால் மறைக்கப்படக்கூட இல்லை, இடித்தே அகற்றப்பட்டன. 2010இல் ஆண்டது ஒரு கட்சி, 2023இல் ஆண்டது வேறு கட்சி. மறைக்கப்பட்டவர்கள் மட்டும் ஒரே வர்க்கத்தினர். அந்தப் பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிய பெண்ணும், சுவருக்கு வண்ணம் பூசிய இளைஞனும் பெரும்பாலும் அத்துணிக்குப் பின்னால் வசிப்பவர்களே.

அதே 2023ஆம் ஆண்டு மே 28 அன்று புதிய நாடாளுமன்றத்தில் செங்கோல் நிறுவப்பட்டது. 1947 ஆகஸ்ட் 14 இரவு திருவாவடுதுறை ஆதீனத்தின் சார்பில் நேருவிடம் அளிக்கப்பட்டு, பின்னர் அலகாபாத் அருங்காட்சியகத்தில் இருந்த பொருள் அது. ஆட்சி மாற்றத்தின் அடையாளமாக மவுண்ட்பேட்டன் அதைக் கைமாற்றினார் என்ற கதைக்கு உறுதியான ஆவணச் சான்று முன்வைக்கப்படவில்லை. ஆயினும் வேத மந்திரமும் தேவாரமும் முழங்க, பிரதமர் அதை ஏந்திச் சென்றார். பழங்குடிச் சமூகத்திலிருந்து வந்த குடியரசுத் தலைவர் அவ்விழாவில் இல்லை. அன்றே, நீதி கேட்டு ஜந்தர் மந்தரிலிருந்து புறப்பட்ட மல்யுத்த வீராங்கனைகள் தெருவில் இழுத்துச் செல்லப்பட்டுக் கைது செய்யப்பட்டனர்.

தமிழுக்குச் செய்யப்பட்ட பெருமை என்று இதைச் சிலர் கொண்டாடினார்கள். தமிழ் படித்தவன் என்ற முறையில் எனக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. செங்கோல் என்பது செம்மையான, வளையாத கோல். பொன்னால் செய்வதால் ஒரு கோல் செங்கோலாகிவிடுவதில்லை. திருக்குறளில் செங்கோன்மைக்கு அடுத்த அதிகாரமே கொடுங்கோன்மை. இரண்டு மன்னர்களின் கையிலும் இருப்பது ஒரே கோல்தான். அது எப்படிப்பட்டது என்பதைச் சொல்லும் உரிமை முறையிட வந்தவருக்கு உண்டு. சிலப்பதிகாரத்தில் பாண்டியனின் கோல் வளைந்ததை அறிவித்தவள் வாயிலில் வந்து நின்ற ஒரு பெண். அந்த அளவுகோலால் பார்த்தால், மே 28 அன்று தில்லியில் செங்கோல் எந்தப் பக்கம் இருந்தது என்பதை வாசகர்களே முடிவு செய்யலாம்.

நம் பக்கமும் கொஞ்சம் திரும்பிப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டு அரசியல் மேடைகளில் தலைவர்களுக்கு வெள்ளி வாளும் கிரீடமும் செங்கோலும் அளிக்கும் வழக்கம் வேரூன்றிக் கிடக்கிறது. நம் தோழர்கள் கிரீடம் அளிப்பதில்லை. ஆனால் பொன்னாடை வரிசையும் ஆளுயர மாலையும் நம் மேடைகளையும் எட்டிப் பார்க்கின்றன. உபசாரம்தானே என்று தோன்றலாம். அரைமணி நேரம் துண்டு போர்த்துவதில் கழியும்போது, பேச வந்த துப்புரவுத் தொழிலாளியின் நேரம் ஐந்து நிமிடமாகச் சுருங்குவதை நானே பார்த்திருக்கிறேன். மன்னராட்சியின் பழக்கங்கள் சட்டத்தால் மட்டும் ஒழிவதில்லை.

செய்ய வேண்டியது என்ன? நகரம் விழாவுக்கு ஆயத்தமாகும்போது, பச்சைத் துணி கட்டிய பிறகு அறிக்கை வெளியிடுவது நம் வழக்கமாகிவிட்டது. சுவரில் முதல் வண்ணம் பூசப்படும் நாளிலேயே நாம் பின் சந்துகளுக்குள் நடக்க வேண்டும். எந்தக் குடியிருப்புக்கு அறிவிப்பு ஒட்டப்பட்டிருக்கிறது, எந்த நடைபாதை வியாபாரியிடம் சான்றிதழ் இருக்கிறது, தினக்கூலி எத்தனை நாள் போகும் என்பவற்றைப் பெயர் பெயராக எழுதிக்கொள்ள வேண்டும். வீடு இடிபட்டபின் நீதிமன்றத்தில் தேடும் சான்று, இடிபடுவதற்கு முன் ஒரு தோழரின் குறிப்பேட்டில் இருந்தால் போராட்டத்தின் கதியே மாறும்.

முடிசூட்டுப் பூங்காவிலிருந்து வெளியே வரும்போது எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது 2020 நவம்பர். மூன்று வேளாண் சட்டங்களை எதிர்த்துத் தலைநகரை நோக்கி வந்த விவசாயிகளிடம், இதே பகுதியிலுள்ள புராரி மைதானத்தில் போய் அமருங்கள் என்று அரசு சொன்னது. அது திறந்தவெளிச் சிறை என்று கூறி விவசாயிகள் மறுத்தார்கள். மன்னர்களுக்குத் தலை வணங்க ஒரு காலத்தில் ஒதுக்கப்பட்ட நிலத்தின் பக்கத்தில், அரசு காட்டிய இடத்தில், அரசு விரும்பிய ஒழுங்கில் அமர அவர்கள் ஒப்பவில்லை. சிங்குவிலும் டிக்ரியிலும் நெடுஞ்சாலையிலேயே ஓராண்டுக்கு மேல் அமர்ந்தார்கள். தங்களுக்கென ஒரு கூடார நகரத்தைத் தாங்களே எழுப்பிக்கொண்டார்கள். அங்கே சமையற்கூடம் இருந்தது, நூலகம் இருந்தது, மருத்துவமனை இருந்தது. யார் முன் யார் குனிவது என்ற வரிசை இருக்கவில்லை. 2021 நவம்பர் 19 அன்று அச்சட்டங்கள் திரும்பப் பெறப்படும் என்று அறிவிக்கப்பட்டது.

தில்லி தன் வரலாற்றில் கண்ட கூடார நகரங்களுள் குடியரசு என்னும் சொல்லுக்கு மிக அருகில் வந்தது அதுதான். அதற்கு நினைவுத்தூண் ஏதும் இன்னும் எழவில்லை.