நின்ற இதயத்துக்கு எத்தனை கைகள்?

2019 மே 7 அன்று மழையிலும் காற்றிலும் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மின்சாரம் போனது. ஜெனரேட்டரும் கைகொடுக்கவில்லை. வென்டிலேட்டரில் இருந்த நோயாளிகள் அடுத்தடுத்து இறந்தார்கள். கரண்ட் போனதால்தான் உயிர் போனது என்றார்கள் உறவினர்கள். மின்தடைக்கும் சாவுக்கும் தொடர்பில்லை என்றது நிர்வாகம். ஜெனரேட்டரைப் பற்றிய கேள்வி நியாயமானது. அதோடு இன்னொன்றையும் கேட்க வேண்டும்: மெஷின் நிற்கும்போது நம் அரசு மருத்துவமனைகளில் எத்தனை கைகள் இருக்கின்றன?

வென்டிலேட்டர் நின்றால் ஆம்பு பேக்கை மாட்டி, விடாமல் கையால் அழுத்தி மூச்சு கொடுக்க வேண்டும். ஒரு நோயாளிக்கு ஒருவர் வேண்டும். அவர் அங்கிருந்து நகர முடியாது. இதயமே நின்றுவிட்டால் இன்னும் அதிக ஆள் வேண்டும். மாரடைப்பு வேறு, இதயம் நிற்பது வேறு. மாரடைப்பில் ரத்தக்குழாய் அடைபடுகிறது, இதயம் பெரும்பாலும் துடித்துக்கொண்டுதான் இருக்கும். இதயம் நின்றால் மூளைக்கு ரத்தம் போவதே நின்றுவிடும். ஒருவர் நெஞ்சின் நடுவில் 5 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். இன்னொருவர் மூச்சு கொடுக்க, மற்றொருவர் மருந்து ஏற்ற, வேறொருவர் ஷாக் மெஷினைத் தயார் செய்ய வேண்டும். சும்மா கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பைக் குறைக்கிறது. டாக்டர் ஓடி வருவதற்குள் இதைத் தொடங்குவது பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் நர்ஸ்தான்.

அதனால்தான் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு படுக்கைக்கு ஒரு நர்ஸ் என்கிறது இந்திய நர்சிங் கவுன்சில். நம் அரசுகள் செய்தது என்ன? 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு வைத்து 7,000-க்கும் மேற்பட்ட நர்ஸ்களை எடுத்தது. மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு ஆண்டுகளில் நிரந்தரம் என்ற பேச்சு காற்றில் போக, 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் போராட வேண்டியிருந்தது. கொரோனா காலத்தில் எடுக்கப்பட்ட 2,000-க்கும் மேற்பட்ட ஒப்பந்த நர்ஸ்களுக்கு 2022 டிசம்பர் 31-ஓடு வேலை முடிந்தது என்றார்கள். ஆட்சி மாறியும் நர்ஸ்களை நடத்தும் விதம் மாறவில்லை. தொற்றுக்காலத்தில் தேவதைகள், முடிந்ததும் வேண்டாதவர்கள்.

இது வெறும் நிதிப் பிரச்சினை இல்லை. பிறர் உடம்பைத் தொட்டு, ரத்தமும் மலமும் துடைக்கும் வேலையைத் தீட்டாகப் பார்த்த சமூகம் இது. ‘நல்ல குடும்பத்துப் பெண்’ போகக் கூடாத வேலையாக நர்சிங் நீண்டகாலம் இருந்தது. மிஷன் மருத்துவமனைகள் திறந்த கதவு வழியே ஒடுக்கப்பட்ட பெண்கள் உள்ளே வந்து அதைத் தொழிலாக்கினார்கள். சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்பவர்களையே மேல் கீழாக அடுக்குவது என்று அம்பேத்கர் விளக்கினார். டாக்டர், நர்ஸ், வார்டு உதவியாளர், துப்புரவுத் தொழிலாளி என்று ஒரு வார்டுக்குள் நடந்து பாருங்கள். உடம்பை எவ்வளவு நெருங்கித் தொடுகிறார்களோ அவ்வளவு குறைந்த கூலி. கடைசிப் படியில் காண்ட்ராக்ட் கூலியும், பெரும்பாலும் தலித் உடல்களும்.

வார்டுக்கு வெளியேயும் அந்த நிமிடங்களைச் சாதி தின்கிறது. தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கிய 2008-இல்தான், மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் தலித் குடியிருப்பை மறித்து நின்ற சுவரின் ஒரு பகுதி போராட்டத்துக்குப் பிறகு இடிக்கப்பட்டது. பொதுப்பாதை மறுக்கப்படும் இடத்தில் ஆம்புலன்ஸும் சுற்றித்தான் வர வேண்டும். இதயம் நின்றவருக்குச் சுற்றுவழிக்கு நேரமில்லை.

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவாக இருக்கட்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒவ்வொரு ஷிப்டிலும் படுக்கைக்கு ஒரு நர்ஸ். ஒப்பந்த நர்ஸ்களுக்குப் பணி நிரந்தரம், அதுவரை சம வேலைக்குச் சம ஊதியம். வார்டு, துப்புரவுத் தொழிலாளர்களுக்கு காண்ட்ராக்ட் முறை ஒழிப்பு. நர்ஸ்கள் அடுத்த முறை போராட்டத்துக்கு வரும்போது சாதி ஒழிப்பு இயக்கங்கள் வாழ்த்து அறிக்கையோடு நிற்காமல் பந்தலில் உட்கார வேண்டும்.

நாமே தொடங்கக்கூடிய வேலை ஒன்றும் உண்டு. நெஞ்சை அழுத்தும் முதலுதவியை யாரும் ஒரே நாளில் கற்கலாம். நம் படிப்பகங்களுக்கும் அம்பேத்கர் மன்றங்களுக்கும் ஒரு நர்ஸைக் கூப்பிடுங்கள். வாசிப்பு வட்டத்தின் ஒரு ஞாயிற்றுக்கிழமையை அதற்குக் கொடுங்கள். ஆம்புலன்ஸ் வந்து சேரும்வரை சேரியில் ஓர் உயிரைப் பிடித்துவைக்க அந்தப் பயிற்சி உதவும்.