பூட்டு வேண்டாம், பந்து வேண்டும்!



தெருவில் கால்பந்து ஆடும்போது, கோல் கம்பத்துக்கு என்ன செய்வீர்கள்? இரண்டு செருப்புகளை இடைவெளி விட்டு வைப்பீர்கள், அவ்வளவுதான். பந்து ஒரு செருப்புக்கு மேலே பறந்தால், 'கோல்' என்று ஒரு கட்சி கத்தும். 'இல்லவே இல்லை' என்று இன்னொரு கட்சி சண்டைக்கு வரும். அதற்குள் ஒரு பைக் வந்து ஹாரன் அடிக்கும். ஆட்டம் நின்றுவிடும்!

உண்மையான கோல் எவ்வளவு பெரியது தெரியுமா? அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். சர்வதேசப் போட்டிக்கான மைதானத்தின் நீளம், 100 முதல் 110 மீட்டர். செருப்புக் கோலில் மட்டுமே பழகிய கோல் கீப்பர், முதல் முறையாக அந்தப் பெரிய கோலின் முன் நின்றால் திணறத்தான் செய்வார். காரணம், திறமைக் குறைவு அல்ல; பழக இடம் இல்லாததுதான்.

தொகுதிக்கு ஒரு சிறு விளையாட்டரங்கம் என்ற திட்டத்தை, 2022ல் தமிழக அரசு அறிவித்தது. தமிழகத்தில் 234 சட்டசபைத் தொகுதிகள் உள்ளன. உங்கள் ஊருக்கு அப்படி ஒரு மைதானம் வருகிறது என்றால், 'ஊரில் சாலையே சரியில்லை, மைதானம் எதற்கு?' என்று சில பெரியவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். சாலையும் வேண்டும், மைதானமும் வேண்டும் என்பதே என் பதில்.

ஏன் தெரியுமா? நம்மிடம் திறமைக்குப் பஞ்சமில்லை. வடசென்னை வியாசர்பாடியைச் சேர்ந்த நந்தகுமார் சேகர், 2023ல் கொல்கத்தாவில் நடந்த டூரண்ட் கோப்பைப் போட்டியில், ஈஸ்ட் பெங்கால் அணிக்காக ஆடினார். மோகன் பகான் அணிக்கு எதிரான ஆட்டத்தில், வெற்றியைத் தந்த ஒரே கோலை அடித்தவர் அவர்தான். நம் பெண்கள் மட்டும் சளைத்தவர்களா? தேசிய சீனியர் மகளிர் கால்பந்து சாம்பியன் பட்டத்தை, 2018லும் 2023லும் தமிழக அணி வென்றது!

ஊரில் மைதானம் இருந்தால், பள்ளிகளுக்கு இடையிலான போட்டிகளை அங்கேயே நடத்தலாம். பயிற்சி மட்டும் போதாது. அடிக்கடி போட்டியில் ஆடினால்தான் ஆட்டம் மெருகேறும். மின்விளக்கு இருந்தால், இருட்டிய பிறகும் ஆடலாம். கழிப்பறையும் உடை மாற்றும் அறையும் இருந்தால், பெண் பிள்ளைகளைப் பெற்றோர் தயங்காமல் அனுப்புவர்.

ஆனால், கட்டடம் மட்டும் போதாது. சென்னை சிட்டி என்ற அணி, கோவை நேரு ஸ்டேடியத்தைச் சொந்த மைதானமாகக் கொண்டு, 2018 - 19ல் ஐ-லீக் கோப்பையை வென்றது. சில ஆண்டுகளிலேயே, அந்த அணி தேசியப் போட்டிகளில் இருந்து காணாமல் போனது. பெரிய அணிகள் வரும், போகும். ஊரோடு இருக்கப்போவது மைதானமும், அதில் ஆடும் பிள்ளைகளும்தான்.

அதனால்தான் சொல்கிறேன்... விழா நாளில் மட்டும் திறந்து, மற்ற நாட்களில் பூட்டிக் கிடக்கும் மைதானத்தால் யாருக்கும் லாபமில்லை. காலையும் மாலையும் கட்டணமின்றிக் கதவு திறக்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்கென நேரம் ஒதுக்க வேண்டும். புல்லுக்குத் தண்ணீர் விட ஓர் ஆள் வேண்டும். இவற்றைக் கட்டிய பிறகு கேட்பதைவிட, கட்டும் முன்பே கேட்பது நல்லது.

யார் கேட்பது? நீங்கள்தான்! கலெக்டர் அலுவலகத்தில், திங்கட்கிழமை தோறும் குறைதீர் கூட்டம் நடக்கும். பி.டி. சாரிடமும் பெற்றோரிடமும் பேசுங்கள். ஒரு பக்கத்தில் மனு எழுதி, நண்பர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தனுப்புங்கள்.

செருப்புகள் காலிலேயே இருக்கட்டும். கோல் கம்பம் மைதானத்தில் நிற்கட்டும். என்ன, மனு எழுத ரெடியா?