பின்சக்கரம் முனகுனா வண்டிக்கு வயசாச்சுன்னு அர்த்தமில்ல

சென்னையில, பெங்களூர்ல இருந்து ஊருக்கு வர்ற சொந்தக்காரங்க எங்க பக்கத்து மாருதி 800-ஐப் பார்த்ததும் கேக்குறது ஒண்ணுதான்: "இதை இன்னுமா வச்சிருக்கீங்க?" கேள்வியில தப்பில்ல. 1983 டிசம்பர்ல ரோட்டுக்கு வந்த கார் அது. 2014 ஜனவரியோட தயாரிப்பையே நிறுத்திட்டாங்க. கடைசியா வந்த வண்டிக்கே இன்னைக்குப் பத்து வயசுக்கு மேல. ஆனாலும் கூடலூர்ல இருந்து சின்னமனூர் வரைக்கும் போய்ப் பாருங்க, திராட்சைத் தோட்டத்து வாசல்லயும் உரக்கடை முன்னாலயும் அது நிக்கும்.

இந்த வண்டிகள்ல அடிக்கடி வர்ற நோவு பின்சக்கர பேரிங். நாப்பது கிலோமீட்டர் வேகம் தாண்டினதும் பின்னாடி இருந்து 'ம்ம்ம்'னு ஒரு முனகல். வேகம் கூடக் கூட அதுவும் கூடும். நகரத்துக்காரர் அதைக் கேட்டா, "வண்டி முடிஞ்சுபோச்சு, தள்ளிவிடுங்க"ம்பார். எங்க ஊர்க்காரர், "பழைய வண்டின்னா அப்படித்தான், ஓடுற வரைக்கும் ஓடட்டும்"ம்பார். ரெண்டு பேச்சும் எனக்கு ஒப்பாது. பேரிங் தேயறதுக்குன்னே இருக்குற சாமான். செருப்பு தேஞ்சா செருப்பைத்தான் மாத்துவோம், காலை இல்ல.

மாட்டுவண்டி காலத்துல இந்த அலட்சியம் கிடையாது. பாரம் ஏத்துறதுக்கு முன்னாடி கடையாணியைப் பார்த்து, அச்சுக்கு மை போட்டுட்டுத்தான் மாட்டைப் பூட்டுவாங்க. சக்கரம் கத்துனா தெருவே திரும்பிப் பார்க்கும், வண்டிக்காரருக்கு வெக்கமாப் போயிரும். காருல பேரிங் டிரம்முக்குள்ள மறைஞ்சு கெடக்கு. கண்ணுல படாததால பார்க்கிற பழக்கமும் போச்சு.

அது சீக்கிரம் கெட எங்க பள்ளத்தாக்குல காரணம் நெறைய. முல்லைப் பெரியாத்துத் தண்ணியை நம்பி இங்க 14,707 ஏக்கர்ல இருபோக நெல்லு. நடவு நேரத்துல வயப்பாதை எல்லாம் சேறும் தண்ணியும்தான். ஆயில் சீல் தேஞ்சிருந்தா தண்ணி உள்ள போயி கிரீஸ் மோர் மாதிரி வெளுத்துரும், அப்புறம் குண்டுகள் துருப்பிடிச்சுத் தேயும். அடுத்தது பாரம். நாலு பேர் உக்கார்ற வண்டியில பின்சீட்டைக் கழட்டிட்டு திராட்சைப் பெட்டியை அடுக்குறோம். மூணாவது காத்து. ஆடி மாசம் மேக்க இருந்து அடிக்கிற காத்துல ஹாரன் சத்தமே சரியாக் கேக்காது, பேரிங் முனகல் எங்க கேக்கப் போகுது?

அதனால காத்து இல்லாத காலைநேரத்துல ஒருதரம் கண்ணாடியை ஏத்திட்டு ஓட்டிப் பாருங்க. ஆள் இல்லாத நேரான ரோட்டுல கியரை நியூட்ரலுக்குத் தள்ளுங்க. அப்பவும் முனகல் வேகத்தோடயே குறைஞ்சு வந்தா அது எஞ்சின் சத்தம் இல்ல. தார் ரோட்டுல இருந்து சிமெண்ட் ரோட்டுக்கு மாறும்போது சத்தமும் மாறினா டயரா இருக்கலாம். ரெண்டுலயும் ஒரே மாதிரி முனகினா பேரிங்கைச் சந்தேகப்படுங்க. வலப்பக்கம் வளையும்போது கூடினா பெரும்பாலும் இடது சக்கரம், ஏன்னா பாரம் அந்தப் பக்கம் சாயுது. அப்புறம் சமதரையில முன்சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கல் வச்சு, பின்பக்கத்தை ஜாக்கியில தூக்கி, ஸ்டாண்ட் குடுத்து, ஹேண்ட்பிரேக்கை விடுங்க. சக்கரத்தை மேலயும் கீழயும் புடிச்சு ஆட்டுங்க. ஆட்டம் இருந்தாலோ, கையால சுத்தும்போது கரகரன்னாலோ சந்தேகமே வேண்டாம்.

800-ல பிரேக் டிரம்முக்குள்ள ரெண்டு பேரிங், நடுவுல ஒரு ஸ்பேசர். முனகுற சக்கரத்துல ரெண்டு பேரிங்கையும் சீலையும் சேர்த்துத்தான் மாத்தணும். ஒண்ணை மட்டும் மாத்துறது அரைவேலை. புது பேரிங்கை டிரம்முல ஏத்தும்போது வெளி வளையத்துல மட்டும்தான் அழுத்தம் விழணும். உள் வளையத்துல சுத்தியலைப் போட்டா அடி குண்டுகள் வழியாப் போயி ஓடுபாதையில தடம் விழுந்துரும், புது பேரிங்கே சீக்கிரம் முனக ஆரம்பிக்கும். ஸ்பேசரை விட்டுட்டு நட்டை இறுக்கினாலும் அதே கதிதான். ஸ்பிலிட் பின்னைப் புதுசாப் போடணும், நட்டைக் கம்பெனி சொன்ன அளவுக்கு இறுக்கணும். ஆம்னி வச்சிருக்கவங்களுக்கு வேலை வேற. அதுல எஞ்சின் இழுவை பின்சக்கரத்துக்குப் போறதால பேரிங் ஆக்சில் தண்டுலயே இறுகி உக்கார்ந்திருக்கும். பிரஸ் இருக்குற பட்டறைக்குத்தான் போகணும்.

800-க்கு இந்தச் சாமான்களோட விலை சில நூறு ரூபாய்தான். கூலிதான் எங்க ஊர்ல சண்டையாகுது. "நட்டைக் கழட்டி மாட்டுறதுக்கு இவ்வளவாண்ணே?"ன்னு மெக்கானிக்கிட்ட பேரம் பேசுறோம். பேரம் பேசி நாம மிச்சம் பண்ற பணம் அவரோட நேரத்துல இருந்துதான் போகும். அவசரத்துல சுத்தியலைத்தான் எடுப்பார், பழைய பின்னையே திரும்ப வளைப்பார். தோட்டத்துல கவாத்துக்கு நல்ல ஆள் கேட்டா கேட்ட கூலியைக் குடுக்குறோம்ல? வெட்டு தப்பினா மகசூல் போயிரும்னு பயம். சக்கரத்துக்கும் அந்தப் பயம் வேணும்.

ஏன்னா பேரிங் தேயறது சத்தத்தோட நிக்காது. சக்கரம் ஆடினா டிரம் கோணும், பிரேக் சீராப் புடிக்காது. சீல் போனா கிரீஸ் பிரேக் ஷூவுல இறங்கி வழுக்கும். முத்திப்போனா சக்கரமே டிரம்மோட கழண்டு வரும். சமவெளியில அது சங்கடம், மலையில உயிர். போடிமெட்டு ஏறணும்னா 17 கொண்டை ஊசி வளைவு. இருட்டு விலகுறதுக்கு முன்னாடியே கம்பம், போடி, தேவாரம் பக்கத்துல இருந்து பொம்பளைங்களை ஏத்திக்கிட்டு இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு மலையேறுது ஜீப்பு. ஜீப்புல பேரிங் வகை வேற, ஆனா முனகலோட அர்த்தம் ஒண்ணுதான். "இந்த வாரம் ஓட்டிட்டு அடுத்த வாரம் பார்க்கலாம்"னு டிரைவர் தம்பி தள்ளிப் போடும்போது, உள்ள உக்கார்ந்திருக்கவங்க கிட்ட யாரும் சம்மதம் கேக்குறதில்ல.

சொந்தக் காருக்குப் பதிவு 15 வருஷம். அதுக்கப்புறம் வண்டியைக் காட்டி அஞ்சு அஞ்சு வருஷமாப் புதுப்பிச்சுக்கலாம். சட்டமே பழசை ஓட்டாதேன்னு சொல்லல, நல்லா வச்சுக்கோன்னுதான் சொல்லுது. அஞ்சு வருஷத்துக்கு ஒரு நாள் அதிகாரி பார்ப்பார். மத்த நாளெல்லாம் நாமதான் காது குடுத்துக் கேக்கணும்.

நகரத்துல உங்க அப்பாவோட பழைய கார் ஒண்ணு ஷெட்டுல நிக்குதா? விக்கிறதா வச்சுக்கிறதான்னு அப்புறம் முடிவு பண்ணுங்க. முதல்ல பின்சக்கரத்தைத் தூக்கி ஒரு சுத்து சுத்திப் பாருங்க.