ஆடி பிறந்தாலும் கர்லாவைக் கீழே வைக்காதீர்கள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துச் சிலம்ப வாத்தியார்களைக் கேட்டாலும் சரி, மறையூர், பூப்பாறை, குமுளிப் பக்கத்து ஆசான்களைக் கேட்டாலும் சரி, ஒரே குறையைத்தான் சொல்வார்கள். பையன்கள் கம்பை விடுவதில்லை, கர்லாக்கட்டையை விட்டுவிடுகிறார்கள். பள்ளி விடுமுறையில், சித்திரையில் உற்சாகமாகத் தொடங்கிய தண்டாலும் பஸ்கியும் ஆனி மழை இறங்கியதும் நின்றுபோகின்றன. ஏலத்தோட்டத்தில் காய் எடுப்பு தொடங்கிவிட்டால் கேட்கவே வேண்டாம்.

எனக்கும் இது நடந்தது. ஒரு வருடம் வைகாசியோடு கர்லாவை நிறுத்தினேன். கம்பு மட்டும் தினமும் சுற்றினேன். தை மாதம் பொங்கல் விழாவுக்கு இரட்டைக் கம்பு எடுத்தபோது, கை தலைக்கு மேலே திரும்புகிற அந்த ஒரே இடத்தில் வலது தோள் சுருக்கென்றது. வீட்டில் தேடியபோது கர்லா கட்டிலுக்கு அடியில் வெங்காயச் சாக்குக்குப் பின்னால் கிடந்தது. பிடி முழுக்கப் பூஞ்சை. துடைத்துவிட்டுச் சுற்றினேன். முன்பு ஐம்பது சுற்று சுற்றிய கட்டையைப் பத்துக்கு மேல் சுற்ற முடியவில்லை. கம்பு சுற்றினாலே தோளுக்கு வலு வந்துவிடும் என்று அதுவரை நம்பியிருந்தேன்.

இன்றும் பலர் அப்படி நம்புவதால் இதை விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. நெற்றி உயரக் கம்புக்கு எடை குறைவு. வேகமும் காலடியும் அதனால் வரும். வலு அவ்வளவாக வராது. வீச்சுக்கு வேகம் கொடுப்பவை மார்பும் முதுகும். வீசிய கைக்குப் பிரேக் போடுபவை தோள்பட்டையின் பின்புறமுள்ள சின்னத் தசைகள். வேகம் கூடிக்கொண்டே போய் பிரேக் மட்டும் பழைய நிலையிலேயே இருந்தால் வலி தோளில்தான் வந்து சேரும். தண்டால் தள்ளுகிற வேலை, பஸ்கி காலுக்கான வேலை. இழுக்கிற வேலை நம் வழக்கத்தில் குறைவு. அதனால் கர்லாவோடு இரண்டைச் சேர்க்கச் சொல்கிறேன்: கம்பியிலோ உறுதியான கிளையிலோ தொங்கி உடம்பை மேலே இழுப்பது, முதுகை வளைக்காமல் இடுப்பை மடக்கி மணல் மூட்டையைத் தரையிலிருந்து தூக்குவது.

பாரம் தூக்கினால் உடம்பு இறுகிவிடும், கம்பின் வேகம் போய்விடும் என்று மூத்தவர்கள் சிலர் சொல்கிறார்கள். மரியாதையோடு மறுக்கிறேன். கர்லாவே பாரம்தானே! பிரிட்டிஷ் ராணுவத்தார் 19ஆம் நூற்றாண்டில் இங்கே பார்த்துக் கொண்டுபோனது அது. அதன் வழிவந்த இலகுவான கட்டைகளைச் சுழற்றுவது 1904இல் செயின்ட் லூயிஸிலும் 1932இல் லாஸ் ஏஞ்சலஸிலும் ஒலிம்பிக் போட்டியாக நடந்தது. அடிபட்ட சிப்பாய்களுக்குப் பாரத்தைப் படிப்படியாகக் கூட்டிக்கொடுத்து வலுவை மீட்டதைப் பற்றி அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டெலார்ம் 1945இல் எழுதினார். இளவட்டக்கல்லைச் சிறிது பெரிதென்று வரிசையாகப் போட்டுவைத்திருந்த நம் ஊர்களுக்கு அது புதுச் செய்தியே இல்லை.

பிறகு ஏன் நின்றுபோகிறது? ஆரம்பத்திலேயே அளவுக்கு மீறி எடுத்துக்கொள்வதுதான் பெரும்பாலும் காரணம். வாரம் ஆறு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் என்று தொடங்கியவன் மூன்றாவது வாரம் வருவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலே வாரம் இரண்டு நாள் வலுப்பயிற்சி என்றுதான் தொடங்குகிறது. கம்புப் பயிற்சி முடிந்தபின் இருபது நிமிடம், வாரம் இரண்டு முறை போதும். முன்னால் செய்தால் களைத்த கையோடு அடிவரிசை பழக வேண்டியிருக்கும். வீட்டில் செய்துகொள் என்று அனுப்பினால் நடக்காது. வகுப்பிலேயே, ஆசானும் கூட நின்று செய்ய வேண்டும். முதல் மாதத்தில் கூடும் வலுவில் பெரும்பங்கு நரம்புகள் பழகிக்கொள்வதால் வருவது, கண்ணாடியில் தெரியாது. இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். கண்ணாடியைப் பார்த்து ஏமாந்து விட்டவர்கள் நிறையப் பேர்.

காய் எடுப்புக் காலத்தில் வாரம் ஒரு நாளாகக் குறைக்கலாம். அப்போது எண்ணிக்கையைக் குறையுங்கள், எடையைக் குறைக்காதீர்கள். சேர்த்த வலுவைக் காப்பாற்ற, அதைச் சேர்க்கப் பட்ட பாட்டில் ஒரு சிறு பங்கு போதும் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். நாள் முழுக்க உரமூட்டை சுமந்து வருகிறவரை மட்டும் அன்று மூட்டை தூக்கச் சொல்லாதீர்கள். அவருக்குத் தொங்கி இழுப்பது போதும். அதுவும் வேலை இல்லாத நாளில்.

களரிக்காரர்களிடம் கற்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அவர்கள் மெய்த்தாரியில் உடம்பைப் பண்படுத்திய பிறகுதான் கம்புப் பயிற்சியான கோல்தாரிக்குப் போவார்கள். நமக்கு ஆடியாக வருகிற கர்க்கடகத்தில் உழிச்சில் எனும் எண்ணெய்த் தேய்ப்பும் பயிற்சியும் அங்கே மும்முரமாக நடக்கும். நாற்பத்திரண்டுக்கு இருபத்தொரு அடிக் களரிக்குக் கூரை இருக்கிறது, நம் திடலுக்கு இல்லை. உண்மைதான். ஆனால் கர்லா சுற்ற ஒரு திண்ணையும் தலைக்கு மேல் கையெட்டும் உயரமும் இருந்தால் போதும். இந்த ஆடியில் திடல் சேறானால் வகுப்பை ரத்து செய்யாதீர்கள். மாணவர்களைத் திண்ணைக்கு வரச்சொல்லி, பழைய நோட்டு ஒன்றில் ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே அன்று சுற்றிய எண்ணிக்கையை அவர்களையே எழுதவையுங்கள்.