கைமாத்தைக் களவுன்னு சொல்லாதீங்க

லயத்துல அரிசி தீர்ந்தா பக்கத்து வீட்டுல ஒரு கொத்து கைமாத்து வாங்குவோம். யாரும் ரசீது கேக்கமாட்டாங்க. எங்க போன்களுக்குச் செயலிகளும் பெரும்பாலும் அப்படித்தான் வந்து சேர்ந்தன. கொழும்புக் கடையில வேலை செய்யிற அண்ணன் தீபாவளிக்கு வந்தா, அவர் போன்ல இருக்கிற ஆப் எல்லாம் ஷேர்இட், எக்ஸெண்டர் வழியா விடியுறதுக்குள்ள லயம் முழுக்கப் பரவிடும். டேட்டாவுல ஒரு எம்.பி. கூடக் குறையாது.

இதைப் பார்த்து முகம் சுளிக்கிற ஆட்கள் உண்டு. "பிளே ஸ்டோர்ல போய் இறக்குங்கப்பா, கண்டவன்கிட்ட வாங்கினா வைரஸ் வரும்" என்பார்கள். அவர்கள் சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதியைப் பேசத்தான் இந்தக் கட்டுரை. கையிலிருந்து கைக்குப் போகும் செயலி ஆபத்தானதாக இருக்கிறதென்றால், அந்தப் பொறுப்பு கொடுக்கிற அண்ணனுடையதல்ல. பகிர்வைத் தன் வேலையாக எடுத்துச் செய்யாத செயலிக் கடைகளுடையது.

முதலில் எங்கள் நிலைமை. 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடின. பாடம் போனுக்கு மாறியது. ஊவாவில் பொஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் சிக்னலுக்காக மலையேறிப் படித்த படங்களை 2021இல் உலகமே பார்த்தது. மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் இருக்கிறவங்களுக்கு அந்தப் படம் புதுசா என்ன? தோட்டத்தில் நாள் சம்பளம் 1000 ரூபாவை எட்டியதே அந்த 2021இல்தான், அதுவும் எத்தனை வருடப் போராட்டத்துக்குப் பிறகு. அந்தக் காசிலிருந்துதான் ரீலோட் போடணும்.

சிக்னல் இருந்தாலும் நிச்சயமில்லை. 2018 மார்ச்சில் திகனவில் முஸ்லிம் மக்களுக்கு எதிரான வன்முறை நடந்தபோது அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப், வைபரைத் தடுத்தது. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு மறுபடியும். 2022 ஏப்ரலில், போராட்டம் சூடு பிடித்த நேரத்தில், இன்னொரு முறை. நினைத்த நேரத்தில் வலையை அணைக்கிற நாட்டில், வலை இல்லாமலும் இயங்குகிற வழி ஒன்று கையில் இருக்க வேண்டும்.

சரி, பாதுகாப்புக்கு வருவோம். ஒவ்வொரு அன்ட்ரொய்ட் செயலியும் அதைச் செய்தவரின் டிஜிட்டல் கையொப்பத்தோடு வருகிறது. நடுவில் யாராவது கோப்பைத் திருத்தினால் அந்தக் கையொப்பம் செல்லாது. புதிதாக வேறு கையொப்பம் போட்டால், ஏற்கெனவே அந்தச் செயலி இருக்கிற போன் அதை மேம்படுத்தலாக ஏற்காது. சிக்கல் முதல் தடவை நிறுவும்போதுதான். 'இது உண்மையான ஆளின் கையொப்பமா?' என்று ஒப்பிட போனிடம் எதுவும் இல்லை. அந்தப் பட்டியல் கடைச் செயலியிடம் இருக்கிறது. பட்டியலைப் போனிலேயே சேமித்து வைத்தால் இணையம் இல்லாமலே ஒப்பிடலாம்.

இது எங்கள் கற்பனை இல்லை. 2010இல் தொடங்கிய எஃப்-ட்ரொய்ட் என்ற கட்டற்ற மென்பொருள் கடை, பத்து வருடத்துக்கு முன்பே இதற்கு அருகில் போனது. அதில் 'ஸ்வாப்' என்றொரு வசதி. உங்கள் போனே ஒரு குட்டிக் கடையாக மாறும். ஒரே வைஃபையில், அல்லது ஒருவர் போடும் ஹொட்ஸ்பொட்டில் இன்னொருவர் சேர்ந்து, கியூஆர் குறியை ஸ்கேன் பண்ணி வேண்டியதை எடுத்துக்கலாம். ஆனால் எஃப்-ட்ரொய்டின் சுருக்கப் பதிப்பில் இந்த வசதியைக் காணோம். சிறிய குழு, பெரிய வேலை. அதனால்தான் உதவி வேண்டும் என்கிறோம்.

கூகுளுக்கும் இது தெரியாததல்ல. டேட்டா விலை கூடிய நாடுகளில் மக்கள் கைமாற்றாகவே செயலி பெறுகிறார்கள் என்று 2018இல் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. பிளே ஸ்டோர் செயலியை ஓஃப்லைனில் பெற்றாலும் உண்மையானதா என்று சரிபார்க்க, கோப்புக்குள்ளேயே ஒரு குறிப்பையும் சேர்க்கத் தொடங்கியது. பிறகு நடந்ததைப் பாருங்கள். 2021 ஓகஸ்ட் முதல் புதிய செயலிகள் 'அப் பண்டில்' வடிவத்தில்தான் பிளே ஸ்டோருக்குப் போக வேண்டும். அதாவது, செயலி துண்டு துண்டாக வரும். போனின் சிப்புக்கு ஒரு துண்டு, திரைக்கு ஒரு துண்டு, மொழிக்கு ஒரு துண்டு. அண்ணன் போன் இங்கிலிஷில் இருந்தால் தமிழ்த் துண்டு இறங்கியே இருக்காது. அவரிடம் வாங்குகிற அம்மாவுக்குத் தமிழ் இல்லாத செயலிதான் கிடைக்கும். அதுவும் நிறுவப்பட்டால்.

கடைகள் விட்ட இடத்தை விளம்பரக் கொம்பனிகள் பிடித்தன. நூறு கோடிக்கு மேல் பதிவிறக்கப்பட்ட ஷேர்இட்டில் பாரதூரமான ஓட்டைகள் இருப்பதை ட்ரெண்ட் மைக்ரோ 2021 பெப்ரவரியில் வெளியிட்டது. அதற்கு முந்தைய வருடமே இந்தியா அதையும் எக்ஸெண்டரையும் சேர்த்து 59 செயலிகளைத் தடை செய்திருந்தது. தடை போட்டவர்கள், மக்கள் இனி எதால் பகிர்வது என்று யோசித்தார்களா?

அடுத்த பூட்டும் வருகிறது. அடையாளம் உறுதி செய்யப்பட்ட ஆட்கள் பதிவு செய்த செயலிகளை மட்டுமே சான்றிதழ் பெற்ற அன்ட்ரொய்ட் போன்களில் நிறுவ முடியும் என்று 2025 ஓகஸ்டில் கூகுள் அறிவித்தது. 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து. 2027 முதல் மற்ற நாடுகள். இது தங்கள் திட்டத்தையே முடித்துவிடும் என்று எஃப்-ட்ரொய்ட் எச்சரித்தது. எதிர்ப்பு வந்த பிறகு, அனுபவமுள்ள பயனர்களுக்குத் தனி வழி வைப்பதாகக் கூகுள் இறங்கி வந்தது. கொழுந்து எடுத்துட்டு வந்து பிள்ளையின் பாட ஆப்பை நிறுவப் பார்க்கிற அம்மா 'அனுபவமுள்ள பயனர்' கணக்கில் வருவாரா?

இலவசச் செயலியைக் கைமாத்தினா யாருக்கு நட்டம்? கட்டற்ற மென்பொருளுக்கோ பகிர்வதற்கான அனுமதி உரிமத்திலேயே இருக்கிறது. ஆகவே எங்கள் கோரிக்கைகள் இவை.

செயலிக் கடை செய்கிறவர்களே, பகிர்வை அமைப்புப் பக்கத்தின் மூலையில் ஒளிக்காதீர்கள். முதல் திரையில் வையுங்கள். கையொப்பத்தை ஓஃப்லைனிலேயே சரிபாருங்கள். பொருந்தாவிட்டால் தமிழில், சிங்களத்தில் தெளிவாகச் சொல்லுங்கள்.

இலங்கையில் செயலி எழுதுகிற அரச நிறுவனங்களே, பல்கலைக்கழகங்களே, மொழித் துண்டாக்கலை நிறுத்தி வையுங்கள். அதற்கான அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. முழுக் கோப்பு ஒன்றை உங்கள் தளத்திலும் போடுங்கள்.

கம்பஸ்ல இருக்கிற நண்பர்களே, லீவுக்கு ஹட்டன் பஸ் ஏறும் முன் விடுதி வைஃபையில் கிவிக்ஸ் செயலியையும் தமிழ் விக்கிப்பீடியாவின் ஓஃப்லைன் கோப்பையும் இறக்கிக்கொள்ளுங்கள். நிரல் எழுதத் தெரிந்தவர்கள் எஃப்-ட்ரொய்டுக்குக் கை கொடுங்கள். எங்களை மாதிரிக் கலைப்பீடத்து ஆட்களுக்கு மொழிபெயர்ப்பு வேலை நிறையவே கிடக்கிறது.